லக்னோ அரையிறுதி

ஜெயசுதா தொழில்முறை டென்னிஸ் ஆடிய எட்டு ஆண்டுகளில் வென்ற பட்டம் ஒன்றே ஒன்று. அதுவும் அவள் பேரில் அரை வருஷம்கூட நிற்கவில்லை.

அவள் அப்பா குமாரசாமிக்குத் திருப்பூர் ராயபுரத்தில் பனியன் கம்பெனி. தறிக்காரக் குடும்பம். வருஷம் தவறாமல் பழனிக்குக் காவடி எடுப்பவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜெர்மனிக்கு சாம்பிள் எடுத்துக்கொண்டு போனபோது, சரக்கு வாங்குகிற கம்பெனிக்காரர் ஒருவர் அவரை டென்னிஸ் போட்டி பார்க்கக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பெண் ஆடியதையும், அவள் ஜெயித்தபோது அத்தனை பேர் எழுந்து நின்றதையும் பார்த்துவிட்டு வந்தவர், ஊர் வந்து சேர்ந்த கையோடு கம்பெனிக்குப் பின்னால் ஈரத்துணி காயவைக்கிற இடத்தில் சிமெண்ட் போட்டுக் கோடு இழுத்து வலை கட்டினார். அப்போது ஜெயசுதா மூன்றாம் வகுப்பு.

எதிரே நின்று ஆட ஒரு ஆள் வேண்டுமே. கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் முனீஸ் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். கம்பெனியை ஒட்டிய லைன் வீட்டில்தான் குடியிருந்தார். அவருக்கு ஜெயசுதாவின் வயதிலேயே வேல்விழி என்று ஒரு மகள். குமாரசாமி அவள் கையிலும் ஒரு மட்டையைக் கொடுத்தார். ஜெயசுதா அடிக்கும் பந்தைத் திருப்பி அடிப்பதுதான் வேல்விழிக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அவள் அதைக் கொஞ்சம் நன்றாகவே செய்தாள்.

பள்ளிக்கூடம், மாவட்டம், மாநிலம் என்று இரண்டு பேரும் சேர்ந்தே ஏறினார்கள். பதினேழு வயதில் சேர்ந்தே தொழில்முறைக்கு வந்தார்கள். வேல்விழியின் பயணச் செலவையும் குமாரசாமியே பார்த்துக்கொண்டார். மகளுக்குத் துணை என்று கணக்கு. புனே, டெல்லி, பாங்காக், தாஷ்கண்ட் என்று எங்கே போனாலும் ஒரே அறை, ஒரே சோப்பு. ஒற்றையரில் தோற்ற பிறகு இரட்டையரில் ஒரே பக்கம் நின்று இன்னொரு முறை தோற்பார்கள். ஜெயசுதாவின் ரேங்க் ஐந்நூறுகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வேல்விழி எப்போதும் அவளுக்கு ஒரு நூறு இடம் பின்னால். இருவரும் எதிரெதிரே வந்த போட்டிகள் நான்கு, நான்கிலும் ஜெயித்தது ஜெயசுதா. யாராவது கேட்டால் குமாரசாமி இந்தக் கடைசிக் கணக்கைத்தான் முதலில் சொல்வார்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் ஜெயசுதாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. படுக்கையை விட்டு எழ முடியவில்லை. கன்னம் ஒட்டி, தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டது. கோர்ட் பக்கம் நடந்து போனாலே மூச்சு வாங்கியது. வேல்விழி முதன்முறையாகத் தனியாகப் போட்டிகளுக்குப் போனாள். ஒரு ஊரில் காலிறுதி, அடுத்த ஊரில் அரையிறுதி. செப்டம்பரில் அவள் பெயர் ஜெயசுதாவின் பெயருக்கு மேலே போய்விட்டது.

குமாரசாமி அதைக் கம்பெனி ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்தார். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. கட்டிங் டேபிளுக்குப் போய், உங்க புள்ள எங்க புள்ளயத் தாண்டிப் போயிட்டா போலிருக்குதே மாஸ்டர் என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். எல்லாம் நீங்க போட்ட பிச்சை முதலாளி என்று முனீஸ் கத்திரியை வைத்துவிட்டுக் கும்பிட்டாராம். இதை ஜெயசுதாவிடம் சொன்னவள் வேல்விழிதான். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

அந்த மாதத்திலேயே குமாரசாமி மகளைக் காரில் உடுமலைப்பேட்டைக்குக் கூட்டிப்போனார். அங்கே பொங்கியண்ணன் என்று ஒரு டாக்டர், குமாரசாமியோடு கல்லூரியில் படித்தவரின் தம்பி. அப்பாவும் டாக்டரும் உள்ளே பேசிக்கொண்டிருக்க, அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிறகு நர்ஸ் கூப்பிட்டு இடுப்பில் ஊசி போட்டாள். எண்ணெய் மாதிரி மருந்து, ஏறும்போது கடுத்தது. வாரம் ஒரு முறை வரச் சொன்னார்கள். திருப்பூரில் இல்லாத டாக்டரா, இதற்கு எதற்கு உடுமலை வரைக்கும் என்று அவள் காரில் கேட்டாள்.

“கைராசிக்காரருங் கண்ணு. சத்து ஊசிதான். ஒடம்பு தேறோணுமல்ல?”

காற்றாலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தே சொன்னது அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பின்னால் பல தடவை யோசித்தாள். கேட்காமல் விட்டதற்குக் காரணம் என்ன என்றும் யோசித்தாள். உடம்பு தேற வேண்டும் என்ற அவசரம் அவளுக்கும்தான் இருந்தது.

தேறியது. நவம்பரில் அவள் சர்வீஸ் முன்பைவிட வேகமாக விழுந்தது. மூன்று மணிநேரம் ஆடினாலும் மறுநாள் உடம்பு வலிக்கவில்லை. டிசம்பரில் லக்னோவில் இருபத்தையாயிரம் டாலர் பரிசுத்தொகைப் போட்டி. அவள் அதுவரை அந்தத் தரத்தில் இரண்டாவது சுற்றைத் தாண்டியதில்லை. அங்கே அரையிறுதி வரைக்கும் ஒரு செட்கூட விடாமல் வந்தாள். அரையிறுதியில் எதிரே வந்தது வேல்விழி.

முதல் செட்டை வேல்விழி எடுத்தாள். ஜெயசுதாவின் பேக்ஹேண்ட் எங்கே பலவீனம் என்று உலகத்திலேயே அவளுக்குத்தான் தெரியும். சின்ன வயதிலிருந்து அவள் திருப்பி அடித்த பந்துகள் அவை. இரண்டாவது செட்டில் ஐந்துக்கு மூன்று என்று முன்னே நின்றாள், ஒரே ஒரு கேம் எடுத்தால் இறுதிப் போட்டி. அங்கிருந்து ஜெயசுதா மீண்டு வந்தாள். பந்து நீண்ட நேரம் போய்வந்தபோது வேல்விழியின் கால்கள் தளர்ந்தன, இவளுடையவை தளரவில்லை. மூன்றாவது செட் ஆறு-ஒன்று. வலைக்கு மேல் கை கொடுக்கும்போது வேல்விழி குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டே, இன்னைக்கு உனக்கு என்னடி ஆச்சு என்று சிரித்தாள். மறுநாள் இறுதிப் போட்டியில் ஒரு உஸ்பெகிஸ்தான் பெண்ணை நேர் செட்டில் அடித்து ஜெயசுதா கோப்பையை வாங்கினாள். பரிசளிப்பு முடிந்ததும் ஒரு அதிகாரி அம்மாள் வந்து சிறுநீர்ச் சோதனை என்று சொல்லிக் கூட்டிப்போனார். பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

ஊரில் கம்பெனி வாசலில் பேனர் வைத்தார்கள். ரேங்க் முந்நூறுகளுக்குள் வந்தது. குமாரசாமி எல்லாருக்கும் ஸ்வீட் பாக்கெட் கொடுத்தார். முனீஸ் குடும்பத்துக்கு இரண்டு.

பிப்ரவரியில் லண்டனிலிருந்து சர்வதேச டென்னிஸ் சங்கத்தின் தகவல் வந்தது. நாண்ட்ரோலோன் என்ற தடை செய்யப்பட்ட மருந்து அவள் சிறுநீரில் இருக்கிறது, விசாரணை முடியும்வரை ஆடக்கூடாது. ஜெயசுதா அந்தப் பெயரை அதற்கு முன் கேட்டதில்லை. பத்திரிகையில் வந்த அன்றே வேல்விழி வந்தாள். கோர்ட்டின் ஓரத்தில் நின்றபடியே கேட்டாள்.

“நா ஒண்ணு கேக்கேன் சுதா, மறைக்காமச் சொல்லு. லக்னோல என்னை ஜெயிச்சது நீதானா?”

நான்தான் என்று ஜெயசுதா சொன்னாள். வேல்விழி தலையை ஆட்டினாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. மறுநாள் காலை ஜெயசுதா வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறி உடுமலைக்குப் போனாள்.

டாக்டர் பொங்கியண்ணன் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். அவரும் படித்திருந்தார்.

“நா உங்கப்பாகிட்டக் கேட்டனுங்க. புள்ள இன்னும் ஆடுதுங்களா, ஆடுதுன்னா இதப் போடவே கூடாதுங்கன்னு தெளிவாச் சொன்னேன். ஆட்டத்தை உட்டாச்சு, கல்யாணத்துக்குப் பாத்துட்டிருக்கோம், கொஞ்சம் ஒடம்பு பூசுனாப்புல இருந்தாப் போதும்னாரு. அதுக்கு மேல நா என்ன பண்ணுவேன்?”

அவள் எழுந்து வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளுக்கு அழுகை வரவில்லை. லக்னோவில் அந்தக் கடைசிச் செட்டில் கால்கள் தளராமல் நின்றதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. தன்னுடைய கால்கள் என்று நினைத்துப் பெருமைப்பட்டிருந்தாள்.

அப்பா கம்பெனியில் நூல் மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கேட்டதும் லோடுமேன்களை அனுப்பிவிட்டு மூட்டை மேலேயே உட்கார்ந்தார். மறுக்கவில்லை.

“நீ எலும்புந் தோலுமாப் படுத்துக் கெடந்தே. அவ ஒவ்வொரு ஊராப் போயி ஜெயிச்சிட்டு வந்தா. நம்ம காசுல போயி, நம்மளயே தாண்டிட்டா. நா கையக் கட்டிக்கிட்டு நிக்கோணுமா?”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்லீங்கப்பா.”

“சொல்லியிருந்தா நீ போட்டிருக்க மாட்டே.”

கோயம்புத்தூரில் அனுசுயா என்ற வக்கீலைப் பிடித்தார்கள். விளையாட்டு வழக்குகள் தெரிந்தவர். குமாரசாமி அவரிடம் ஊசியைப் பற்றி வாயே திறக்கவில்லை, எப்படி உடம்பில் சேர்ந்தது என்றே தெரியவில்லை என்றார். ஜெயசுதா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வக்கீல் சட்டத்தை விளக்கினார். எப்படி வந்தது என்று காட்ட முடியாவிட்டால் இரண்டு வருஷத் தடை. போட்டியாளர் யாராவது மாட்டிவிடுவதற்காக இவளுக்குத் தெரியாமல் கலந்து கொடுத்ததாக நிரூபித்தால் தண்டனையே இல்லை, ஆனால் அப்படி நிரூபிப்பது ரொம்ப அபூர்வம் என்றார்.

திரும்பி வரும்போது அவினாசி தாண்டினார்கள். குமாரசாமி காரை ஓரமாக நிறுத்தினார்.

“ரூம்ல உங்கூட இருந்தது அவதானே? தண்ணி பாட்டில்ல பொடியெல்லாம் கலக்கி வெக்கறதும் அவதானே?”

ஒரு வாரம் கழித்து வக்கீல் ஆபீஸிலிருந்து வந்த வாக்குமூலத்தில் ஜெயசுதா கையெழுத்துப் போட்டாள். வேல்விழிதான் செய்தாள் என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஒரே அறையில் தங்கினார்கள், குடிக்கும் பாட்டிலை அவள்தான் கலக்கி வைப்பாள், அரையிறுதியில் அவள் தோற்றாள், சில மாதங்களாக இருவருக்கும் ரேங்க்கில் போட்டி இருந்தது. இவ்வளவுதான். எல்லாம் நடந்ததுதானே என்று ஜெயசுதா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருபத்திரண்டு வயது. இரண்டு வருஷம் போனால் மிச்சம் என்ன இருக்கும் என்றும் நினைத்தாள்.

வேல்விழிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எப்படியோ அது பத்திரிகைக்கும் போனது. “தோழியே விஷம் வைத்தாரா?” என்று ஒரு பேப்பரில் தலைப்பு. பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டிருந்தவர்கள் இப்போது வர வேண்டாம் என்றார்கள். அவளோடு இரட்டையர் ஆட ஒத்துக்கொண்டிருந்த பெண் வேறு ஆளைத் தேடிக்கொண்டாள். பதினைந்து வருஷமாகக் குமாரசாமி வீட்டுக்குள் காலெடுத்து வைக்காத முனீஸ் ஒரு நாள் காலையில் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றார். குமாரசாமி வாசலில் இருந்தும், முனீஸ் அவரைப் பார்க்காமல் ஜெயசுதாவைப் பார்த்தே பேசினார்.

“பாப்பா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. எம்புள்ள அப்படிச் செய்யக் கூடியவளா?”

ஜெயசுதா உள்ளே போய்விட்டாள். அம்மா ஞானாம்பாள் சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு நின்றிருந்தார். அவருக்கும் எல்லாம் தெரியும் என்பது அந்த முகத்தில் இருந்தது. வெளியே கேட் சாத்தும் சத்தம் கேட்டது. அந்த வாரமே முனீஸ் வேலையை விட்டார். லைன் வீட்டையும் காலி செய்துகொண்டு ஊரின் மறுபக்கம் குடிபோனார்கள்.

மே மாதம் விசாரணை. லண்டனில் மூன்று பேர், கோயம்புத்தூரில் வக்கீல் ஆபீஸ், நடுவில் மேஜை மேல் ஒரு டெலிபோன் ஸ்பீக்கர். அனுசுயாவுக்கு ஒரு பக்கம் ஜெயசுதா, மறுபக்கம் குமாரசாமி. வேல்விழியையும் லைனில் சேர்த்திருந்தார்கள். அவள் எங்கேயோ ஒரு டெலிபோன் பூத்திலிருந்து பேசினாள், பின்னால் பஸ் ஹாரன் கேட்டுக்கொண்டே இருந்தது. பாட்டிலில் என்ன கலந்தீர்கள் என்று கேட்டார்கள். குளுக்கோஸும் உப்பும் என்றாள். ஜெயசுதா மேல் கோபம் இருந்ததா என்று கேட்டார்கள். திக்கித் திக்கி ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். சின்ன வயதிலிருந்து அவளோடுதான் ஆடுகிறேன், அவள் இல்லாவிட்டால் எனக்கு டென்னிஸே தெரிந்திருக்காது என்றாள். கோபம் என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று தெரியும், ஆனால் எனக்கு இருந்தது அது இல்லை, அதற்கு வார்த்தை தெரியவில்லை என்றாள்.

ஜெயசுதா வக்கீலின் கையைத் தொட்டு, நான் பேச வேண்டும் என்றாள். உடுமலை, ஊசி, வாரங்கள், டாக்டர் சொன்னது, அப்பா சொன்னது, தான் கையெழுத்துப் போட்டது எல்லாவற்றையும் சொன்னாள். அனுசுயா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். குமாரசாமி நடுவிலேயே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அவர் கார் கிளம்பும் சத்தம் கேட்டபோது அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். லைனின் மறுமுனையில் வேல்விழி எப்போது போனை வைத்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் தண்டனை குறைந்திருக்கும் என்று வக்கீல் பிறகு சொன்னார். பொய்யாக இன்னொருத்தி மேல் பழி வரவிட்டதால் முழுசாக இரண்டு வருஷம். லக்னோ பட்டமும் அங்கே ஜெயித்த ஆட்டங்களும் அவள் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டன. அதற்காகக் கிடைத்த புள்ளிகளும் போயின. வேல்விழி மேல் தவறில்லை என்று தீர்ப்பில் ஒரு வரி இருந்தது. பெரிய எழுத்தில் தலைப்புப் போட்ட பேப்பர் அந்த ஒரு வரியைப் போடவேயில்லை.

சொந்தக்காரர்கள் ஜெயசுதாவிடம் முகம் கொடுக்கவில்லை. பெத்தவனைச் சந்திக்கு இழுத்துப்போட்டாள் என்று கல்யாண வீடுகளில் காது படவே பேசினார்கள். குமாரசாமி அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அவள் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து போனார். அவளுக்கு எதிரே நின்று பந்தடிக்க இப்போது யாரும் இல்லை. கம்பெனிச் சுவரில் அடித்துத் திருப்பினாள். பிறகு அந்தச் சுவரை ஒட்டித் துணி மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள்.

தடை முடிவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவள் வேல்விழியைத் தேடிப் போனாள். வேல்விழி அவினாசி ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருந்தாள். நடுவில் ரயில்வேயில் விளையாட்டு வீரர்களுக்கான வேலைக்கு நேர்முகத்துக்குப் போயிருக்கிறாள். அங்கே எதிரே உட்கார்ந்திருந்தவர் முதலில் கேட்டது அந்த மருந்து விவகாரம் நீங்கதானே என்பது. கம்பெனி கேட்டுக்கு வெளியே டீ இடைவேளையில் நின்று பேசினார்கள். ஜெயசுதா மன்னிப்புக் கேட்டாள். வேல்விழி அதைக் காதில் வாங்கிக்கொண்டாள்.

“நீ கடைசில உண்மையச் சொன்னேல்ல, அது எனக்குத் தெரியும். நல்ல காரியம்தான். ஆனா எங்கப்பா கேட்டுல வந்து நின்ன அன்னைக்குச் சொல்லியிருக்கணும். அவரு அதுக்கப்புறம் எங்கயும் போயி நிக்கிறதில்ல.”

மறுபடி ஆட வருகிறாயா, ரெண்டு பேரும் இரட்டையர் ஆடலாம் என்று ஜெயசுதா தயங்கித் தயங்கிக் கேட்டாள். வேல்விழி தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். இப்போது அந்தக் கையில் மட்டை பிடித்துக் காய்த்த தழும்பு எதுவும் இல்லை. மணி அடித்தது. போறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில், ஜனவரி கழிந்ததும், ஜெயசுதா அம்மாவின் வளையலை விற்று மும்பைக்குப் போனாள். பத்தாயிரம் டாலர் போட்டி, தகுதிச் சுற்று. ரேங்க் எதுவும் இல்லாதவளாகப் பெயர் கொடுத்தாள். முதல் ஆட்டத்தில் எதிரே வந்தவள் பதினாறு வயது நாக்பூர்ப் பெண். வெயிலில் இரண்டாவது செட்டிலேயே ஜெயசுதாவுக்குத் தொடை இழுத்துக்கொண்டது. நடுவில் ஒரு முறை உட்கார்ந்து அழுத்திவிட்டு எழுந்தாள். கால்கள் கல்லாகக் கனத்தன. நெஞ்சு அடைத்தது. அந்தப் பெண்ணும் களைத்திருந்தாள், அனுபவம் இல்லாததால் அவசரப்பட்டாள். மூன்றாவது செட் ஏழு-ஐந்துக்கு ஜெயசுதாவுக்கு விழுந்தது. கை தட்ட நாக்பூர்ப் பெண்ணின் அம்மா மட்டும்தான் இருந்தார். அவர் தட்டவில்லை.

சாயங்காலம் விடுதிக்கு வெளியே இருந்து வீட்டுக்குப் போன் செய்தாள். ஞானாம்பாள் எடுத்தார். ஜெயித்துவிட்டேன் என்று சொன்னாள். சாப்பிட்டியா என்று கேட்டார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

“அப்பா இருக்காராம்மா?”

“கோயிலுக்குப் போயிருக்காரு கண்ணு.”

அப்போது போனில், மிகப் பக்கத்தில், குமாரசாமி தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. அந்தச் செருமலை அவளுக்குக் குழந்தையிலிருந்தே தெரியும். அவள் கோர்ட்டில் நிற்கும்போது வேலிக்கு வெளியே இருந்து கேட்பது. அவள் காத்திருந்தாள். நாற்காலி நகரும் ஓசையும் கதவு சாத்தும் ஓசையும் வந்தன. நாளைக்கும் ஆட்டம் இருக்கிறது, வைத்துவிடுகிறேன் என்று ஜெயசுதா சொன்னாள்.

மறுநாள் தகுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில் ஒரு டெல்லிப் பெண்ணிடம் தோற்றாள். ஒரு மணிநேரம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு அவள் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. ஊருக்கு ரயில் டிக்கெட் எடுக்கும்போது, இழுத்துக்கொண்ட தொடை இன்னும் வலித்ததால், கீழ்ப்படுக்கை இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றார்கள்.